மோட்டாருக்கு மாட்டுப்பொங்கல்

மனைவியை நம்பலாம், ஆனால் மனைவி நடமாடும் வீட்டில் மோட்டார் சைக்கிளின் பிளக்கை அதன் இடத்திலேயே விட்டுவைப்பது மடமை என்று, மாட்டுப்பொங்கலன்று காலையில் பல் துலக்கும்போதே கோட்டைச்சாமி தீர்மானித்துவிட்டார். வேப்பங்குச்சியைத் துப்பிய கையோடு தொழுவத்துக்குள் நுழைந்தார். ஸ்பேனரால் பிளக்கைக் கழற்றினார். அது இருந்த ஓட்டையில் துணியைச் சுருட்டி அடைத்தார். பிளக்கை வேட்டி மடிப்பில் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். பொறியைப் பிறப்பிக்கும் பொருள் தம் இடுப்பில் இருக்கும்வரை, அந்த வண்டியை எந்தப் பகையும் எதுவும் செய்துவிட முடியாது என்பது அவருடைய கணக்கு.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். கோட்டைச்சாமியின் மடியில் இருந்த கனம் ஒரு விரல் நீளந்தான். பயமோ ஓராண்டு நீளம்.

ஓராண்டுக்கு முன்பு அந்தத் தொழுவத்தில் நின்றவை இரண்டு மயிலைக் காளைகள், புலிக்குளத்துச் சோடி, பொன்னழகை அவருக்குக் கட்டிக்கொடுத்தபோது அவளுடைய தகப்பனார் கருத்தையா சீராகக் கொடுத்தவை. படுத்திருக்கும்போது பொன்னழகு குரல் கொடுத்தால் உடனே எழுந்து நிற்கும். கோட்டைச்சாமி குரல் கொடுத்தால், அசை போடுவதை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொள்ளும். தம் சோற்றுக்கு உழைக்கும் மாடுகளே தம்மை மதிக்கவில்லை என்ற குறை அவர் நெஞ்சை நெடுநாளாக அறுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான், பங்காளி முறையில் அவருக்குத் தம்பியாகிய பூமிநாதன் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தான். வெறுங்கையோடு வரவில்லை, யுத்தகாலத்து மோட்டார் சைக்கிள் ஒன்றை ஏலத்தில் எடுத்து ஓட்டிக்கொண்டே வந்தான். குன்றக்குடிச் சாலையில் அது எழுப்பிய ஓசை மலைமேல் இருக்கும் முருகனுக்கே கேட்டிருக்கும். கோட்டைச்சாமிக்குக் கேட்டது, கேட்ட நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பூமிநாதனுக்கு உழுவதற்கு மாடு இல்லை. இவருக்கு ஓட்டுவதற்கு மோட்டார் இல்லை. பொன்னழகு குன்றக்குடிக்குச் சாமி கும்பிடப் போயிருந்த ஒரு முற்பகலில் காளைகள் அங்குட்டுப் போயின. மோட்டார் இங்குட்டு வந்தது.

பொன்னழகு திரும்பி வந்து பார்த்தாள். அழவில்லை. அதைக் கண்டு அவர் அப்போதே அஞ்சியிருக்க வேண்டும், அஞ்சவில்லை. அழுதவர் கருத்தையா. பொங்கல் சீரோடு சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்தவர், தாம் கொடுத்த காளைகள் நின்ற இடத்தில் இரும்பு நிற்பதைப் பார்த்துவிட்டுத் தலையிலிருந்த சீர்க்கூடையை இறக்கிவைக்காமலே நின்றார். சீராக வந்த மாட்டை, சீர் கொண்டுவந்தவளிடம் கேளாமல் கைமாற்றுவதா என்று உறவினர் கூடினார்கள். பேச்சு முற்றியது. முறிந்துவிடும் என்ற நிலையில் பொன்னழகுதான் வழி சொன்னாள்.

அவள் சொன்ன வழி எளியது. வண்டி ஓராண்டுக்கு இங்கே இருக்கட்டும். வருகிற ஆண்டு மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் பெரியவர்கள் முன்னிலையில், கூப்பிட்ட குரலுக்கு மாடு எழுவதைப்போல இந்த வண்டியும் எழ வேண்டும். ராகுகாலம் பிறப்பதற்குள் எழுந்துவிட்டால் வண்டி இந்த வீட்டுக்கே சொந்தம். காளைகளின் பேச்சை அவள் எடுக்கமாட்டாள். எழாவிட்டால் காளைகள் திரும்பி வரும். வண்டி திரும்பிப் போகும்.

பூமிநாதன் உடனே சம்மதித்தான். அந்தக் காளைகள் அவன் குரலுக்கும் எழவில்லை என்பதை அவன் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தான். கோட்டைச்சாமியும் சம்மதித்தார். சம்மதித்ததோடு நின்றிருக்கலாம். வெற்றி கையில் இருப்பதாக நினைக்கும் ஆண்மகனுக்கு நிறுத்துமிடம் தெரிவதில்லை. சபை நடுவே எழுந்து, மாமனாரைப் பார்த்து அவர் சொன்னார்:

"மாமா, இனிமே இந்த வீட்டுக்கு இதுதான் காளை. மாட்டுக்கு என்னென்ன மரியாதை உண்டோ, அம்புட்டும் இதுக்கும் உண்டு."

அந்தச் சொல்லைச் சபை மறந்தது, சொன்னவரும் மறந்தார். பொன்னழகு மட்டும் சேலைத் தலைப்பில் முடிந்துவைத்துக்கொண்டாள்.

அந்த ஆண்டு முழுவதும் கோட்டைச்சாமி வாழ்ந்த வாழ்வை ஒரு மனிதர் ஒரு முறைதான் வாழ முடியும். காரைக்குடிச் சந்தையில் அவர் வண்டியை நிறுத்தினால் கத்தரிக்காய் விற்பவர்கூடத் தராசைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். அதுவரையில் அவரை ஊரார் 'பொன்னழகு புருசன்' என்றே அடையாளம் சொல்லிவந்தார்கள். இப்போது 'மோட்டார்க்காரர்' என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்காக அவர் எதையும் பொறுத்துக்கொள்ளத் துணிந்திருந்தார். ஆடியில் ஏருக்கு ஆள் தேடிப் பொன்னழகு வாசல் வாசலாக ஏறி இறங்கியதையும், பிறர் மாடு ஓய்ந்தபின் கடைசியாக வந்து உழுததையும், ஊரார் வயல்கள் பச்சை பிடித்தபோது அவர்கள் வயல் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்ததையும்கூடப் பொறுத்துக்கொண்டார். பொறுத்தவள் பொன்னழகு, பொறுத்துக்கொண்டதாகப் பெயர் அவருக்கு.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் அவர் முழுதும் நனைந்து நின்றபடி, இருந்த ஒரே குடையை வண்டியின் எஞ்சினுக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். தடுமன் பிடிக்கும், உள்ளே வாருங்கள் என்று பொன்னழகு அழைத்தாள். அவர் வரவில்லை. அந்த இடத்தில்தான் மேக்னட் இருக்கிறது என்றும், பிளக்குக்குப் போகும் மின்சாரம் அங்கேதான் பிறக்கிறது என்றும், மூடிக்குள் ஈரம் இறங்கிவிட்டால் பிள்ளை பிறக்காத வீடுபோல வண்டி வாயடைத்து நிற்கும் என்றும், தும்மல்களுக்கு இடையே விளக்கமாக எடுத்துரைத்தார். பொன்னழகு குறுக்கே பேசாமல் கேட்டாள். தம் மனைவி இவ்வளவு கவனமாகத் தம் பேச்சைக் கேட்டது அதுவே முதல் முறை என்பதால் அவருக்குப் பெருமையாக இருந்தது.

இப்போது, எழுபதாம் ஆண்டுத் தை மாதத்தில், தவணை நாளைக்கு முடிகிறது. வண்டியில் குறையொன்றும் இல்லை. முதல் உதைக்கு உறுமும், தவறினால் இரண்டாம் உதைக்கு உறுமும். ஆகவே கோட்டைச்சாமியின் அச்சம் வண்டியைப் பற்றியதன்று. ஓராண்டாகக் காளைகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாத அந்த வாயைப் பற்றியது. சத்தம் போடுகிற மனைவியை ஊர் அறியும். சத்தம் போடாத மனைவியைக் கணவன்கூட அறியமாட்டான். அதனால்தான் பிளக் மடிக்கு ஏறியது.

பிற்பகலில் பொன்னழகு தொழுவத்து வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் நெட்டி மாலை. மறு கையில் குங்குமச் சிமிழ். இடுப்பில் வைக்கோல் பிரி.

"ஏங்க, வண்டியை வெளிய எடுத்து விடுங்க. பொழுது சாயுறதுக்குள்ள பொங்கலைப் படைச்சிரலாம்."

"வண்டிக்கு எதுக்குப் பொங்கலு?"

"இந்த வீட்டுக் காளைன்னு எங்கப்பாகிட்ட சொன்னீகளே. மாட்டுக்கு உண்டான மரியாதையெல்லாம் உண்டுன்னும் சொன்னீக. இன்னைக்கு இல்லைங்கிறீகளா?"

கோட்டைச்சாமி மனத்துக்குள் கணக்குப் போட்டார். இல்லை என்றால் வண்டி காளையில்லை என்று ஆகும். காளையில்லாதது காளைகளுக்கு ஈடாகாது. ஈடாகாததை நாளை வரையில் வைத்திருப்பானேன் என்று மாமனார் கேட்பார். மடியில் இருந்த பிளக்கை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டு வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்.

பொன்னழகு வண்டியை ஒரு முறை சுற்றி வந்தாள். முன்னும் பின்னும் குனிந்து பார்த்தாள். கொம்பு எது, கழுத்து எது என்று தெரிந்துவிட்டதாகவும் வாய் எது என்றுதான் தெரியவில்லை என்றும் சொன்னாள். சொல்லிக்கொண்டே பெட்ரோல் டாங்கியின் மூடியைத் திருகித் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இதானா வாயி?"

கோட்டைச்சாமி அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். அடுப்பில் சர்க்கரைப் பொங்கல் வெந்துகொண்டிருந்தது. சகலத்தையும் எண்ணிப் பிளக்கை மடியில் கட்டியவர் டாங்கியை எண்ணவில்லையே.

"அதுக்குள்ள பொங்கலைப் போட்டியன்னா வண்டி செத்துப் போகும், பொன்னழகு."

"நெறையாப் போடலை. ஒரு கவளம்."

"ஒரு கவளமும் வேணாம்."

"ஒரு வெல்லக்கட்டி மட்டும்?"

"வெல்லத்தைக் கண்ணுலகூடக் காட்டக் கூடாது."

"சரி, நாலு பருக்கை. சாத்திரத்துக்கு."

"ஒத்தைப் பருக்கை விழுந்துச்சு, நான் மனுசனா இருக்கமாட்டேன்."

பொன்னழகு பெருமூச்சு விட்டாள். ஊரில் நொண்டி மாட்டுக்கும் கிழட்டு மாட்டுக்கும் இன்று வாய் நிறையப் பொங்கல். இந்த வீட்டுக் காளைக்கு மட்டும் பட்டினி என்று வருந்தினாள். அவர் அசையவில்லை, இரண்டு கைகளாலும் டாங்கியின் மூடியைப் பொத்திக்கொண்டு நின்றார். கடைசியில் அவள்தான் இறங்கிவந்தாள்.

"ஊட்ட வேணாம், விடுங்க. குளிப்பாட்டவாச்சும் விடுவீகளா, அதும் கூடாதா?"

ஒரு போரில் வென்றவருக்கு வருகிற பெருந்தன்மை கோட்டைச்சாமிக்கு வந்தது. அக்கம்பக்கத்தார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததால் குரலும் சற்று உயர்ந்தது.

"அதுக்கென்ன. தாராளமாக் குளிப்பாட்டு."

பொன்னழகு தாராளமாகத்தான் குளிப்பாட்டினாள். அண்டாவில் மஞ்சளைக் கரைத்து ஆவாரம்பூவை உதிர்த்துப் போட்டாள். காளையைத் தேய்ப்பதைப்போலவே வைக்கோல் பிரியால் தேய்த்தாள். மாட்டுக்குக் காதடியிலும் அக்குளிலும்தான் அழுக்கு சேரும் என்று அவள் தந்தை சொல்லிக்கொடுத்திருந்தார். வண்டிக்கும் அவ்வாறே இடுக்குப் பார்த்து ஊற்றினாள். டாங்கிக்குக் கீழே ஊற்றினாள். எஞ்சினுக்குப் பின்னே ஊற்றினாள். குடம் குடமாக ஊற்றினாள். கோட்டைச்சாமி டாங்கி மூடியைவிட்டுக் கையை எடுக்கவில்லை. அந்த மூடியைத் தவிர வேறு எதையும் பார்க்கவும் இல்லை. குளியல் முடிந்ததும் கைப்பிடி இரண்டுக்கும் கொம்புக்குப் பூசுகிற நீல வண்ணம் பூசினாள். விளக்குக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டாள். நெட்டி மாலையும் கழுத்துமணியும் கட்டினாள். முன் சக்கரத்தின் எதிரே வாழையிலை விரித்துப் பொங்கலைப் படைத்து, தட்டைத் தட்டி மூன்று முறை சுற்றி வந்தாள். தெருவே வந்து பார்த்தது. கோட்டைச்சாமிக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பூசை முடிந்தபின் வெட்கமும் போயிற்று, பெருமையும் போயிற்று, சந்தேகம் வந்தது. பொங்கல் ஊட்டும் பேச்சை அவள் இவ்வளவு விரைவில் விட்டுக்கொடுத்தது ஏன்? விடிவதற்குள் அவள் வேறு எதையோ செய்யப்போகிறாள் என்று அவருக்கு உறுதியாகத் தோன்றியது. வண்டியை அப்படியே தொழுவத்துக்குள் தள்ளினார். மேலே தார்ப்பாயைப் போட்டுத் தரைவரை இழுத்தார். மூச்சு விடவும் இடமில்லாதபடி கயிற்றால் வரிந்து கட்டினார். கதவைச் சாத்திப் பூட்டை மாட்டினார்.

"அங்குட்டு வெளியிலயே காத்தாட நிக்கட்டுமேங்க," என்றாள் பொன்னழகு.

கோட்டைச்சாமி சிரித்தார். அந்த விருப்பம் இந்த வீட்டில் நிறைவேறாது என்று சொல்லிவிட்டுச் சாவியை அரைஞாணில் கோத்துக்கொண்டார். முன்பக்கம் பிளக், பின்பக்கம் சாவி. அன்று அவர் குனிந்து சாப்பிடவும் சிரமப்பட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்தரை மணிக்கு ராகுகாலம். மஞ்சுவிரட்டுக்குப் போகக் கிளம்பிய கூட்டத்தில் பாதி, இங்கே இதைவிடப் பெரிய விளையாட்டு நடக்கும் என்று கேள்விப்பட்டு அவர் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. கருத்தையா கயிற்றுக் கட்டிலில் அமர்ந்தார். பூமிநாதன் காளைகளை ஓட்டிவந்து வேப்பமரத்தடியில் கட்டினான். அவை பொன்னழகைக் கண்டதும் கழுத்துமணி குலுங்கத் தலையை ஆட்டிவிட்டுப் படுத்துக்கொண்டன.

விதி ஒன்றே என்று கருத்தையா அறிவித்தார். மாப்பிள்ளையைத் தவிர வேறு யாரும் வண்டியைத் தொடக் கூடாது. வண்டியின் சூட்சுமம் அறிந்தவனாகையால் பூமிநாதன் அதைப் பற்றி வாயைத் திறக்கவும் கூடாது. அவனுடைய பட்டாளத்துக் கைக்கடிகாரம் மட்டும் பேசலாம்.

கோட்டைச்சாமி பூட்டைத் திறந்தார். பூட்டு உடைபடவில்லை. தார்ப்பாயைப் பார்த்தார்; கயிற்றின் முடிச்சு அவர் போட்ட முடிச்சே. நிம்மதியாக வண்டியை வெளியே கொண்டுவந்து, மடியிலிருந்து பிளக்கை எடுத்துக் கூட்டத்துக்குக் காட்டி, துணியை உருவிவிட்டுப் பொருத்தினார். பெட்ரோலைத் திறந்தார். மாமனாரைப் பார்த்துக் கும்பிட்டார். உதைத்தார்.

வண்டி எழவில்லை.

முதல் உதையில் எழாதது உண்டு. இரண்டாம் முறை உதைத்தார். கைப்பிடியில் கட்டிய கழுத்துமணி மட்டும் கிணுங்கியது. மூன்றாம் முறை உதைத்தார். மறுபடியும் மணி. யாரோ சிரித்தார்கள். 

பதறக் கூடாது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். வண்டி ஓட இரண்டு வேண்டும். பெட்ரோல் வேண்டும், பொறி வேண்டும். டாங்கியைத் திறந்தார். பருக்கை இல்லை, வெல்லம் இல்லை, பெட்ரோல் இருந்தது. பிளக்கைக் கழற்றினார். அதன் முனை நனைந்திருந்தது. ஆகவே பெட்ரோல் உள்ளே போகிறது. கொளுத்தத்தான் ஆள் இல்லை. பிளக்கை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடி, தணலில் காட்டிச் சுட்டு, துடைத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தார். வயரை மாட்டி, பிளக்கை எஞ்சின் தலைமேல் படுக்கவைத்து உதைத்தார். பொறி தெரியவில்லை. வெயிலில் தெரியாது என்று தலைக்கும் எஞ்சினுக்கும் சேர்த்துத் துண்டைப் போர்த்துக்கொண்டு, உள்ளே குனிந்தபடி, காலை மட்டும் வெளியே நீட்டி உதைத்தார்.

"மாப்பிள்ளை, என்ன தெரியுது?" என்று கருத்தையா கேட்டார்.

"பாத்துக்கிட்டிருக்கேன் மாமா," என்றது துண்டு.

உள்ளே இருட்டு மிகத் தெளிவாகத் தெரிந்தது.

பிளக் போயிருக்கும் என்று, வெண்கலச் செம்புக்குள் பத்திரமாக வைத்திருந்த மாற்றுப் பிளக்கைக் கொண்டுவந்தார். அதிலும் பொறி இல்லை. துண்டிலிருந்து வெளியே வந்தபோது அவர் முகம் குங்குமமும் கரியுமாக இருந்தது. நேராகப் பொன்னழகிடம் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"எதை எடுத்தே? சொல்லிரு."

"நானா? சாவி உங்க இடுப்புல இருந்துச்சு. வேணும்னா எண்ணிப் பாருங்க."

எண்ணினார். கட்டிலுக்கருகே சாக்கை விரித்து, மேலாகக் கழற்றக் கூடியதைக் கழற்றி, தடவக் கூடியதைத் தடவி, ஒவ்வோர் உறுப்பாக எண்ணிப் பார்த்தார். ஒரு திருகாணிகூடக் குறையவில்லை. எல்லாம் இருந்தன, அதுதான் தொல்லை. ஏதாவது களவு போயிருந்தால் கேட்டு வாங்கலாம். இருப்பதையெல்லாம் வைத்துக்கொண்டு இல்லாததை யாரிடம் கேட்பது?

"தம்பி, மணி என்ன?" என்றார்.

பூமிநாதன் கையை நீட்டிக் காட்டினான். வாய் துடித்தது, ஆனால் திறக்கவில்லை.

"நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன்."

"மாமா கூடாதுன்னுட்டாக, அண்ணே. எனக்கும் நெஞ்சு அடைக்குது."

கோட்டைச்சாமி மறுபடியும் வண்டியிடம் போனார். பிளக் நல்லது, ஆகவே குற்றம் பிளக்குக்கு வருகிற வயரில் இருக்க வேண்டும். வயரின் நுனியை விரலால் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உதைத்தார். நன்றாக இருக்கும் நாளில் அப்படிப் பிடித்தால் தோள்பட்டைவரை தூக்கிப் போடும். இன்று விரல் கூசவும் இல்லை. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னும் ஓங்கி உதைத்தார். ஒன்றுமில்லை. ஷாக் அடிக்கவில்லையே என்று ஒரு மனிதர் கண்கலங்கியதை அந்த ஊர் அன்றுதான் கண்டது.

வயர்வரை வரவில்லையென்றால் பிறக்கும் இடத்திலேயே பிறக்கவில்லை. எஞ்சினுக்குப் பின்னே குனிந்து, மேக்னட்டின் மூடியை நெம்பித் திறந்தார்.

மூடியிலிருந்து ஓர் உழக்கு மஞ்சள் தண்ணீர் அவர் முழங்கையில் வழிந்தது. உள்ளே, தொட்டும் விலகியும் மின்சாரத்தைத் தட்டியெழுப்ப வேண்டிய இரண்டு சிறிய முனைகளுக்கு நடுவே, நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது ஓர் ஆவாரம்பூ இதழ்.

அவர் அந்த இதழைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து பொன்னழகைப் பார்த்தார். அவள் காளையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். ஐப்பசி மழையும், குடையும், தம் விளக்கவுரையும் அவருக்கு ஒருங்கே நினைவுக்கு வந்தன. சபையைப் பார்த்து முறையிட வாயெடுத்தார். ஆனால் என்னவென்று முறையிடுவது? அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும், அவர் 'தாராளமாக' என்றதைத் தாராளமாகக் கேட்டிருந்தார்கள்.

இதழை எடுத்தெறிந்தார். வேட்டி நுனியால் துடைத்தார். கன்னம் வலிக்க ஊதினார். சாம்பிராணிச் சட்டி வேண்டும் என்றார். தலை குளித்த பெண்களுக்குக் கூந்தல் காயவைப்பதைப்போல மேக்னட்டுக்குப் புகை காட்டினார். சட்டியைக் கேட்ட மறுகணமே பொன்னழகு தணலோடு கொண்டுவந்து தந்ததோடு, விசிறியும் தந்தாள். கூட்டம் இப்போது சிரிக்கவில்லை. நெருங்கி வந்து நின்றது. பூமிநாதனின் கண் கடிகாரத்தைவிட்டு அகலவில்லை. கோட்டைச்சாமி பிளக்கைப் பொருத்தினார். மூடியைப் போட நேரமில்லை. குன்றக்குடியான் பெயரைச் சொல்லி உடம்பின் எடையெல்லாம் சேர்த்து ஓங்கி உதைத்தார்.

வண்டி ஒரு முறை இருமியது. குழாயிலிருந்து கொஞ்சம் புகை வந்தது. கூட்டம் ஆரவாரித்தது. கோட்டைச்சாமியின் கண்ணுக்குள் காரைக்குடிச் சந்தை முழுதும் ஒரு கணம் வந்து நின்றது. மறுபடி உதைத்தார், மணி கிணுங்கியது. மறுபடியும் உதைத்தார்; மணிதான் கிணுங்கியது. உள்ளே கம்பிச் சுருள்வரை இறங்கி, ஓர் இரவு முழுதும் பொத்திவைக்கப்பட்டு ஊறிய ஈரம், ஒரு சட்டிச் சாம்பிராணிக்கு அசையவில்லை.

பூமிநாதன் கையை மெதுவாகக் கீழே இறக்கினான். கருத்தையா கட்டிலைவிட்டு எழுந்தார்.

"ராகுகாலம் பிறந்திருச்சு, மாப்பிள்ளை."

அவர் குரலில் ஏளனம் இல்லை. அதனால் இன்னும் வலித்தது. பொன்னழகு வேப்பமரத்தடிக்குப் போய், "எந்திரிங்கப்பா" என்றாள். இரண்டு காளைகளும் ஒன்றாக எழுந்து நின்றன.

வண்டியைப் பூமிநாதன் வீட்டில் சேர்ப்பதுதான் மிச்சம். அவன் ஊர் குன்றக்குடிச் சாலையில் இரண்டு மைல். உதைத்து உதைத்துக் கால் வீங்கிய கோட்டைச்சாமியால் அதைத் தள்ளிக்கொண்டு போக முடியாது. காளைகளை ஒரு நடைக்குத் தருவதாகப் பொன்னழகு பெருந்தன்மையோடு சொன்னாள். நுகத்தடியிலிருந்து கயிறு கட்டி வண்டியின் முன்னே பிணைத்தார்கள். கோட்டைச்சாமி இருக்கையில் அமர்ந்து நீலக் கொம்புகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார். பொன்னழகு காளைகளின் முன்னே நடந்தாள். தை மாதத்து வெயில், மேகமில்லாமல் அடித்தது. மூடி போடாத மேக்னட்டின்மீது காற்றும் வெயிலும் வழியெல்லாம் விளையாடின. மஞ்சுவிரட்டுக்குப் போகிறவர்கள் வழிவிட்டு நின்று, காளையும் மோட்டாரும் மோட்டார்க்காரரும் இந்த வரிசையில் போவதைப் பார்த்தார்கள். முன்பு சந்தையில் கண்களைத் தாழ்த்தாமல் வந்தவர் இப்போது கைப்பிடியில் தொங்கிய நெட்டி மாலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பூமிநாதன் தன் வீட்டு வாசலில் கயிற்றை அவிழ்த்தான். வாய்ப்பூட்டும் அவிழ்ந்துவிட்டதால் உற்சாகமாக இருந்தான். மேக்னட்டின் மூடியைப் பொருத்தினான், வேட்டியை மடித்துக் கட்டினான், அவசரமில்லாமல் ஓர் உதை கொடுத்தான்.

வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது. மரத்துக் காக்கைகள் பறந்தன.

கோட்டைச்சாமி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். காலையில் பிடித்து உலுக்கியும் எழாத வண்டி இப்போது எழுவானேன் என்று கேட்டார். அவர் கேட்டது யாரையோ. பதில் சொன்னவன் பூமிநாதன்.

"ஈரம்தாண்ணே. வார வழியில காஞ்சுபோச்சு. நேத்தைக்கு ராவுக்கு மூடியைத் திறந்து வண்டியை வெளிய நிறுத்தியிருந்தீகன்னா, காலையில மொத உதைக்கே எந்திரிச்சிருக்கும்."

கோட்டைச்சாமி மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் காளைகளைத் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் நீ ஊத்துன தண்ணி," என்றார்.

"தண்ணி ஊத்துனது நான்தாங்க," என்றாள் பொன்னழகு, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே. "காத்தாட நிக்கட்டும்னு சொன்னதும் நான்தான். பொத்திப் பூட்டுனது நீங்க."